கூட இருப்பவருக்கு ஒரு சொல்

ஒரே ஒரு சொல், கட்டத்துக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறது, கம்பேனியன், அதற்கு முன்னாலும் ஒன்றுமில்லை பின்னாலும் ஒன்றுமில்லை. எங்கள் வேலை இப்படித்தான் வரும். ஒரு செயலியின் ஏதோ ஒரு திரையில் ஏதோ ஓர் ஓரத்தில் ஒட்டப்போகிற சொல்லை, அந்தத் திரையைக் கண்ணால் பார்க்காமலே, ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். யாருக்குக் கம்பேனியன், எதுவரைக்கும் கம்பேனியன் என்று கேள்வி அனுப்பினால் பதில் வருவதற்குள் செயலியே வெளிவந்துவிடும். மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் இருக்கிற மருத்துவமனைகளுக்கானது என்பது மட்டும் தெரியும். மேல் கட்டத்தில் நோயாளி, பசியெந்தே, அதைக் காலையிலேயே போட்டாகிவிட்டது. கீழ்க் கட்டத்தில் படுக்கை, காமா, அதுவும் ஆயிற்று. நோயாளிக்கும் படுக்கைக்கும் நடுவில் இந்த ஆள் நின்றுகொண்டிருக்கிறார், அல்லது நின்றுகொண்டிருக்கிறாள், நகரவே மாட்டேன் என்கிறாள். மடிக்கணினியின் சூடு தொடையில் ஏறுகிறது, நான் அதைத் தள்ளி வைக்காமல் இருக்கிறேன், இந்தக் காத்திருப்புக் கூடத்தில் ஏசியை யார் இவ்வளவு வைக்கிறார்களோ, எல்லாரும் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறார்கள், எதிரே டிவியில் சத்தமில்லாமல் ஒரு சமையல்காரர் கத்தரிக்காயை வதக்கிக்கொண்டிருக்கிறார். என் கழுத்தில் சிவப்புக் கயிற்றில் அட்டெண்டர் பாஸ் தொங்குகிறது. ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான். கயிறு யார் கழுத்தில் கிடக்கிறதோ அவர்தான் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போய்த் தவசியைப் பார்க்கலாம், வாயில் தண்ணீர் விடலாம், முதுகில் கை கொடுத்துச் சாய்த்து உட்காரவைக்கலாம். தவசியின் அம்மா வந்துகொண்டிருக்கிறார். அருப்புக்கோட்டை பஸ் தாம்பரம் தாண்டிவிட்டதாம். வந்ததும் நான் இந்தக் கயிற்றைக் கழற்றி அவர் கையில் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பார், நீ யாரு தாயி என்று கேட்பார், அப்போது நான் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷமாக நானும் தவசியும் ஒருவரையொருவர் கட்டிக்கொள்வது என்றுதான் இருக்கிறோம். அவன் வீட்டில் அப்படி ஒருத்தி உண்டு என்பதே யாருக்கும் தெரியாது.

அகொம்பஞாந்தே என்று போடலாம். கூட வந்திருப்பவர். ஸ்பானிஷ் பேசுகிற ஊர்களின் ஆஸ்பத்திரிச் சுவர்களில் அந்தச் சொல்லைப் படங்களில் பார்த்திருக்கிறேன், நோயாளிக்கு ஒரு அகொம்பஞாந்தே மட்டும் என்று, அங்கேயும் ஒன்றுதான் போலிருக்கிறது. ஆனால் கச்சேரியில் பக்கவாத்தியம் வாசிக்கிறவரும் அகொம்பஞாந்தேதான், பாட்டு இன்னொருவருடையது, கைதட்டலும் இன்னொருவருக்கு. சில ஊர் விளம்பரங்களில் காசு கொடுத்தால் கூட வருகிற பெண்ணுக்கும் அதே சொல். அது ஞாபகம் வந்ததும் விரல் நின்றுவிடுகிறது. யாரும் என்னை அப்படி நினைக்கவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் நின்றுவிடுகிறது. ஃபமிலியார் என்று போட்டால் வம்பில்லை, குடும்பத்து ஆள். குடும்பத்து ஆள் என்றால் நான் இல்லை. ஆனால் நான் சொன்னது அதைத்தானே. அன்றைக்குச் சாயங்காலம் சோழிங்கநல்லூர் சிக்னலில் தண்ணி லாரி அவன் வண்டியைத் தட்டிவிட்டுப் போய், யாரோ ஒரு புண்ணியவான் அவன் போனில் கடைசியாகப் பேசின எண்ணுக்கு அடித்து, அது என் எண்ணாக இருந்து, நான் ஆட்டோவில் எப்படி ஏறினேன் எப்படி இறங்கினேன் என்று தெரியாமல் இங்கே வந்து நின்றபோது, டூட்டி டாக்டர், அவருக்கும் என் வயதுதான் இருக்கும், கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார், "பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்ன உறவு என்று கேட்கிறார், அது எனக்குத் தெரியும், ஆனால் எனக்கு அவன் உயிரோடு வேணும், வேறொன்றும் வேண்டாம் என்றுதான் வாய்வரைக்கும் வந்தது. அவர் மறுபடி கேட்டார், மண்ணீரல் கிழிந்திருக்கிறது, உடனே திறந்தாக வேண்டும், சொந்தக்காரங்க யாராவது கையெழுத்துப் போடணும் என்றார். மனைவி என்றால் கழுத்தைப் பார்ப்பார்கள். என் கழுத்தில் ஒன்றும் இல்லை, மெல்லிய சங்கிலி, அதில் ஒரு சிலுவை, அதையும் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன். காதலி என்ற சொல் அந்த வெளிச்சத்தில் வாயில் வராது, பாட்டில் வருகிற சொல் அது, ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நிற்காது. தோழி என்றால் தள்ளி உட்காரச் சொல்வார்கள். தங்கச்சி என்றேன். பேர் என்றார்கள். பெனினா என்று சொன்னால் தவசிலிங்கத்துக்குத் தங்கச்சி பெனினாவா என்று பேனா நின்றுவிடும். முத்துமாரி என்றேன். அது அவனுடைய உண்மையான தங்கச்சியின் பேர், அவன் ஓயாமல் பேசுகிற பேர், முத்துமாரி வீட்டில் இன்றைக்கு ஆட்டுக்கறி, முத்துமாரிக்கு வாந்தி, முத்துமாரிக்கு இது ஏழாம் மாசம் என்று. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. அந்தப் பேரில்தான் கையெழுத்துப் போட்டேன், அந்தப் பேர்தான் இந்த அட்டையில் இருக்கிறது. அன்றிலிருந்து இந்த மாடியில் நான் முத்துமாரி, அவன் என் அண்ணன். நர்ஸ் பக்கத்தில் இருந்தால் அண்ணே தண்ணி வேணுமா என்று கேட்பேன். முதல் தடவை கேட்டபோது அவனுக்குக் குழாய் எல்லாம் எடுத்திருந்தார்கள், சிரிக்கப் பார்த்தான், தையல் வலித்து முகம் கோணியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது, அன்றைக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது.

"மாரி, இன்னா, டீ சொல்லட்டா?" காந்திமதியக்கா பக்கத்து நாற்காலியிலிருந்து காலால் என் காலைத் தட்டுகிறார். திருத்தணிப் பக்கம், வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைப்பு, உள்ளே தவசிக்கு அடுத்த படுக்கை. எனக்கு முன்னாலிருந்து இங்கே கிடக்கிறார், எந்த லிஃப்ட் எப்போது நிற்கும், எந்த செக்யூரிட்டி கரைவான் என்பதெல்லாம் அத்துப்படி. வேண்டாங்க்கா என்கிறேன். "உங்கம்மா வராங்களாமே, சிஸ்டர் சொல்லிச்சு." ஆமாக்கா. "அம்மா வராங்கன்னா மூஞ்சி மலரணும். நீ இன்னாடான்னா அரியர் பரிச்சைக்குப் போறவ மாதிரி குந்தினுகீற." வேலை இருக்குக்கா, ஒரு சொல்லு கிடைக்க மாட்டேங்குது என்கிறேன். "இன்னா சொல்லு?" ஆஸ்பத்திரியில நோயாளி கூட இருக்கிறவங்களுக்கு ஸ்பானிஷ்ல என்ன பேர் வைக்கிறதுன்னு. அக்கா யோசிக்கிறார், நிஜமாகவே யோசிக்கிறார், புடவைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொள்கிறார். "பைத்தியம்னு வையி. வேற யாரு இந்தச் சேர்ல இத்தினி நாளு குந்துவாங்க." சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, டிவியைப் பார்த்தபடியே, "எனக்கு நாலு அண்ணனுங்க, மாரி. மூணாவது ஆளுக்கு வயித்துல கட்டின்னு அறுத்தாங்க. போனேன், ஆரஞ்சு குடுத்தேன், தலைய தடவுனேன், வந்துட்டேன். இப்பிடி கண்ணாடியில மூக்க ஒட்டின்னு நிக்கல." நான் மடிக்கணினித் திரையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்கிறேன். "நான் இன்னாத்த கண்டேன். பாசக்காரத் தங்கச்சி," என்று என் முழங்காலில் ஒரு தட்டு தட்டிவிட்டு டீ வாங்கப் போகிறார். அவருக்குத் தெரியும். தெரிந்தும் மாரி மாரி என்றே கூப்பிடுகிறார், அந்தப் பேரை ஒரு போர்வை மாதிரி இழுத்து என் மேல் போர்த்துவிட்டுப் போகிறார். வரப்போகிற அம்மாவிடம் அந்தப் போர்வை செல்லாது. பெற்றவளுக்குத் தெரியாதா முத்துமாரி யார், எங்கே இருக்கிறாள், எத்தனை மாசம் என்று. கீழே லிஃப்ட் வாசலில் செக்யூரிட்டி அவரிடம் சொல்வான், உங்க பொண்ணு முத்துமாரி மேல இருக்குதும்மா, அது இறங்கி வந்தாத்தான் நீங்க போலாம் என்று. நான் அதைக் காலையிலிருந்து நினைத்துப் பார்க்கிறேன், நினைப்பு அந்த இடம் வரை போகிறது, அவர் முகம் எப்படி மாறும் என்கிற இடத்தில் நின்று, திரும்பி வந்து, மறுபடி தாம்பரத்திலிருந்து பஸ் ஏறுகிறது.

கொம்பஞேரோ. அதில் ரொட்டி இருக்கிறது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள், பழைய லத்தீனில் ஒரே ரொட்டியைச் சேர்ந்து தின்றவர்களாம். நாங்கள் தின்றது பரோட்டா. பெருங்குடியில் ஆபீசுக்குப் பின்னால் அந்தக் கடை, அவன் நாலாவது மாடியில் டெஸ்டிங், நான் இரண்டாவது மாடியில் மொழிக்காரர்கள் நடுவில். மேல் சுற்று மொறுமொறு என்று இருக்கும், அதை உரித்து என் இலையில் வைத்துவிட்டு உள்ளே இருக்கிற சவசவத்ததை அவன் தின்பான், ஏன் என்று கேட்டால் எனக்கு அதுதான் பிடிக்கும் என்பான், பொய், ஒருநாள் நான் வரத் தாமதமானபோது தூரத்திலிருந்து பார்த்தேன், தனியாக இருந்தால் மேல் சுற்றைத்தான் முதலில் பிய்த்தான். கொம்பஞேரோ நல்ல சொல், கதவு திறந்தே கிடக்கிற சொல், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவனும் அதுதான், ஆபீசில் எதிர் மேசைக்காரனும் அதுதான், கல்யாணம் பண்ணாமல் ஒரே வீட்டில் வாழ்கிறவர்களும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். எதற்குள்ளும் நுழைந்துகொள்ளலாம். அம்மாவிடம் அப்படி ஒன்றைச் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், பொய்யும் இல்லை, முழுசும் இல்லை. தமிழில் அதற்கு எது என்று தேடுகிறேன். ஆபீஸ்ல கூட வேலை பாக்குறேங்க என்றால் அந்தக் கடையில்லை, உரித்து வைத்த சுற்று இல்லை, மகாபலிபுரத்தில் மழையில் ஒதுங்கிய அந்த மூடின ஐஸ் வண்டி இல்லை. பொங்கலுக்குப் போகும்போது வீட்டில் சொல்கிறேன் என்றான். போய்விட்டு வந்து, அப்பாவுடைய வருஷத் திதி வந்துவிட்டது, அந்த நேரத்தில் எப்படி என்றான். சித்திரைக்கு என்றான், அப்போது முத்துமாரிக்கு உண்டாகியிருந்தது, சந்தோஷமான வீட்டில் இப்போது ஏன் என்றான். சந்தோஷமாக இருந்தாலும் சொல்ல முடியவில்லை, துக்கமாக இருந்தாலும் சொல்ல முடியவில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்கு வந்தால்தான் நான் அதில் நுழைய முடியும். எங்கள் தாத்தாவின் கதைகளில் ராஜா மகன் கிளம்பினால் மந்திரி மகன் கூடவே கிளம்புவான். காட்டில் தூங்கும்போது காவல் இருப்பது மந்திரி மகன், பாம்பு கடித்தால் விஷத்தை உறிஞ்சுவது மந்திரி மகன், ராட்சசியின் கோட்டையில் எந்தக் கதவு மூன்றாவது கதவு என்று எண்ணி வைத்திருப்பது மந்திரி மகன். கடைசியில் ராஜா மகன் இளவரசியைக் கட்டிக்கொண்டு பட்டணப் பிரவேசம் வருவான். அப்ப மந்திரி மகன் தாத்தா, என்று கேட்டேன், எனக்குப் பல் விழுந்திருந்த வயது. தாத்தா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அவன் இருப்பான் எங்கனயாவது, கதை அவனப் பத்தி இல்லையே புள்ளே என்றார். அன்றைக்கு நான் அதற்காக அழுததாக வீட்டில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

பரேஹா என்றும் ஒன்று இருக்கிறது. ஜோடி. செருப்பில் ஒன்றுக்கு இன்னொன்று மாதிரி, ஒன்றைச் சொன்னாலே மற்றது உண்டு என்று ஆகிவிடும். அதை நான் கட்டத்தில் அடித்துப் பார்க்கிறேன், பார்க்கும்வரை அடித்திருக்கிறேன் என்பதே தெரியவில்லை, அழித்துவிடுகிறேன். ஆஸ்பத்திரிச் செயலிக்கு அது தப்பு. எல்லா நோயாளிக்கும் ஜோடி இருக்காது, அப்பனைக் கூட்டி வருகிற மகனும் இருப்பான். காலையில் உள்ளே போனபோது தவசிக்கு முகம் கழுவிவிட்டேன். துணியை நனைத்துப் பிழிந்து காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், தாடி முளைத்து முள்ளாகக் குத்துகிறது, மூச்சில் மருந்து வாசனை. ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, அம்மாவுக்குச் சொல்லாதே, ஒத்தையில் கிடந்து பயந்துவிடும் என்று அவன் சொன்னதால்தான் இத்தனை நாள் யாருக்கும் சொல்லவில்லை. நேற்று சிஸ்டர் போனில் அவனே பேசிவிட்டான், சின்ன அடி, எல்லாம் முடிந்தது என்று, அம்மா அந்த நிமிஷமே பையைத் தூக்கியிருப்பார். துணியை மடித்துக்கொண்டிருந்தேன், அவன் மேலே ஃபேன் இல்லாத கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "அம்மா வர்றாங்க பெனி. நீ பாத்துக்க." அவ்வளவுதான். நீ பாத்துக்க. அம்மாவைப் பார்த்துக்கொள் என்றானா, வழி தெரியாது, காப்பி வாங்கிக் கொடு என்றானா. நாம் இருப்பது தெரியாமல் பார்த்துக்கொள் என்றானா. நீயே சொல்லிவிடு, என்னால் முடியவில்லை, இனிமேல் உன் பாடு என்றானா. நான் கேட்டிருக்கலாம். என்ன பாத்துக்கன்னு கேட்க எவ்வளவு நேரம் ஆகும். அந்த நேரத்தில் டிரெசிங் மாற்ற ஆள் வந்துவிட்டார், சரிண்ணே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன், வெளியே வந்து கதவு மூடியபிறகு அந்தச் சரிண்ணே உள்ளே சுருக்கென்று குத்தியது, ஏனென்றால் அவன் சிரிக்கவில்லை. மருந்து மயக்கமாக இருக்கும். வலியாக இருக்கும். வலியிருக்கிறவனிடம் போய்ச் சொல்லைப் பிடுங்கலாமா. வெட்டி எடுத்த வயிறோடு கிடக்கிறான், அவனைப் போய் நீ என்னை யாரென்று சொல்வாய் என்று கேட்கலாமா. கேட்கக் கூடாது. கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இரண்டு மணி நேரமாக அவனிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா வந்து நிற்பார், யாரு தாயி என்பார், நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவன், அந்தக் கரகரத்த குரலில், அம்மா, இது பெனினா, நான் கட்டிக்கப்போற பொண்ணு. இப்படி அவன் சொல்வதாக எத்தனை தடவை கேட்டுவிட்டேன், காதுக்குள் அவன் குரல் தேய்ந்து வேறு யார் குரலோ மாதிரி ஆகிவிட்டது. அப்படி மட்டும் சொல்லிவிட்டால் அம்மா அடித்தால்கூட வாங்கிக்கொள்வேன். தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினால்கூட, என்னை இன்னார் என்று சொல்லித்தானே தள்ளுகிறார்.

திரையின் மூலையில் டீம் லீடு சுதர்சனின் பச்சை விளக்கு எரிகிறது. எங்கே பெனி, ஒரே ஒரு வரி பாக்கி நிற்கிறது என்று அனுப்பியிருக்கிறார். கம்பேனியன் என்றால் யாரென்று கேட்டிருந்தேனே, பதில் வந்ததா என்று அடிக்கிறேன். வரவில்லை, வராது, ஆஸ்பத்திரிதானே, பேஷண்ட்டுக்குக் கூட யாரோ ஒரு ஆள், எதையாவது போட்டு அனுப்பு என்கிறார். நல்ல மனிதர்தான், ஒரு வாரமாக ஏன் வீட்டிலிருந்து வேலை என்றுகூடக் கேட்கவில்லை. கூட யாரோ ஒரு ஆள். குயிதாதோர் என்று போட்டால் பராமரிக்கிறவர், அது சம்பளத்துக்கு வருகிற ஆயா மாதிரி இருக்கும். அயெகாதோ என்றொரு சொல், நெருங்கினவர், ஆனால் அதை ஸ்பானிஷ் செய்திகளில் செத்துப்போனவர்களின் பக்கத்தில்தான் அதிகம் படித்திருக்கிறேன், குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் கலந்துகொண்டார்கள் என்று, அதைத் தொடவே பயமாக இருக்கிறது. பொகோட்டாவில் யாரோ ஒருத்தி இந்தத் திரையைத் திறப்பாள், இந்தக் கட்டத்தில் தன் பேரை அடிப்பாள். அவளிடம் நீ அவனுக்கு என்ன உறவு என்று கேட்காத சொல்லாக இருக்கட்டும். கூட வந்தாயா, கூட இருக்கிறாயா, போதும், பேரை எழுது, உள்ளே போ. அகொம்பஞாந்தே. விளம்பரக்காரர்கள் என்ன எழுதினால் என்ன. அடித்தேன், ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றுதான், கணவனுக்கும் மகனுக்கும் யாரோ ஒருத்திக்கும் அது ஒன்றுதான், பக்கத்தில் சரி என்ற குறியைப் போட்டு அனுப்பிவிட்டேன். சுதர்சனிடமிருந்து ஒரு கட்டை விரல் வந்தது. மடிக்கணினியை மூடியபோது தொடை குளிர்ந்துவிட்டது, அவளுக்கு ஒன்று கொடுத்துவிட்டேன், எனக்கு இன்னும் ஒன்றும் இல்லை என்று தோன்றியது, அப்படித் தோன்றி முடிவதற்குள் மாடிப்படிப் பக்கமிருந்து செக்யூரிட்டியின் குரல், கூடத்தில் இருக்கிற எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, "முத்துமாரி யாரும்மா, கீழ உங்கம்மா வந்திருக்காங்க, இறங்கி வாங்க." காந்திமதியக்கா டீயோடு நின்றவர் என் தலையில் கை வைத்து முடியை ஒதுக்கிவிட்டார்.

லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினேன். நினைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. வாசலில் ஒரு சின்ன உருவம், கட்டம் போட்ட சேலை, கையில் ஒயர்க்கூடை, இன்னொரு கையில் பை, பஸ்ஸில் தூங்காத கண். தவசிக்கு இருக்கிற அதே நெற்றி. கீழே இருந்த செக்யூரிட்டி என்னைக் காட்டி, "அதோ வந்துடுச்சு உங்க பொண்ணு" என்றான். அவர் என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்க்கவில்லை, முகத்தை மட்டும் பார்த்தார், துப்பட்டா நழுவி வெளியே வந்திருந்த சிலுவையைப் பார்த்தார், கழுத்திலிருந்த பாஸைப் பார்த்தார், அதில் எழுதியிருக்கிற பேரை உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஆமா, எம் மகதான்" என்றார் செக்யூரிட்டியிடம். என் கையைப் பிடித்துக்கொண்டார், சொரசொரப்பான கை, பிடி இறுக்கம். "ரெண்டு பேரும் ஒருவாட்டி மேல போயிட்டு வந்துருதோம் ராசா, இவகிட்ட வெவரம் கேட்டுக்கிடணும்." அவன் விட்டுவிட்டான். லிஃப்டில் நாங்கள் மட்டும். "ஒம் பேரு என்ன தாயி?" பெனினா. "நல்ல பேரு. எந்தூரு?" நாசரேத் பக்கம். அவர் தலையை ஆட்டினார், கையை விடவில்லை. "தங்கச்சிதான் ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போட்டுச்சுன்னு கீழ சொன்னாக, அது நீதானா?" ஆமாம்மா. "நீ போடலேன்னா எம்புள்ள இல்ல. ஏழேழு சென்மத்துக்கும் மறக்க மாட்டேன்." அப்போது எனக்கு நெஞ்சு முழுக்க விரிந்துவிட்டது, சொல்லிவிடலாம், இதோ, இந்த அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மேலே எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டு சொன்னார், ரொம்ப மெதுவாக, எனக்கு வலிக்காமல் இருக்க வேண்டும் என்கிற மாதிரி. "அவுக அப்பா இருந்தா அது வேற தாயி. நான் ஒத்தப் பொம்பள. மூத்தவன் இவன் ஒருத்தன்தான். அந்தப் புள்ளைக்குப் பேறுகாலம் வருது, அவ மாமியா வீட்டுல ஒரு சொல்லு விழுந்தா எனக்கு அவளையும் தாங்க முடியாது. இங்கன எல்லாருக்கும் நீ தங்கச்சின்னுதான தெரியும். அது அப்படியே இருக்கட்டும் தாயி. நான் ஒன்னைய மகளாவே வச்சுக்கிடுதேன்." கதவு திறந்தது.

உள்ளே சிஸ்டர் எங்களைப் பார்த்துச் சிரித்தார், "அம்மா வந்தாச்சா, பொண்ணு ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டாங்கம்மா, இப்படித் தங்கச்சி யாருக்குக் கிடைக்கும்" என்றார். "ஆமா சிஸ்டர்" என்றார் அவர். தவசி விழித்துக்கொண்டுதான் இருந்தான். அம்மாவைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது, குழந்தை மாதிரி, அம்மா அவன் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார், சேலையை வாயில் திணித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார், கூடையிலிருந்து திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் பூசினார். நான் படுக்கையின் கால்பக்கம் நின்றேன். அவன் அம்மாவின் இடுப்புக்கு மேலாக என்னைப் பார்த்தான், பார்த்தது நிஜம், எனக்கு அது தெரியும். நான் காத்திருந்தேன். வேறு எதற்கும் இல்லை, ஒரு சொல்லுக்கு. பெனி என்றாவது, வெறும் பேராவது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார், என் கழுத்திலிருந்து அந்தக் கயிற்றை அவரே எடுத்தார், முடியில் சிக்கியது, நோகாமல் மெதுவாக விடுவித்து எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். "தங்கச்சி எம்புட்டு நாளாத் தூங்கலையோ, கண்ணு உள்ள போயிருச்சு. அவ போயி செத்த தூங்கட்டும்யா, இனிமே நான் இருக்கேன்," என்று அவனிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "அண்ணன்ட்டச் சொல்லிட்டுப் போ தாயி" என்றார். சிஸ்டர் டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போயிட்டு வர்றேன்ணே" என்றேன். அவன் கண்ணை மூடினான். மூடிக்கொண்டேதான் சொன்னான், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கரகரத்த குரலில், தெளிவாக.

"பாத்துப் போம்மா."